நோயாளி போகக்கூடிய தூரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பு 'பெரும் மருத்துவமனைக் குழுமங்களும் போட்டிச் சட்டமும்' என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதி அனுப்பியது 'நோயாளி போகக்கூடிய தூரம்'. சொற்பொழிவுக்கு வேண்டிய கனம் அதில் இல்லை என்று அமைப்பாளர்கள் நினைத்திருக்கலாம். ஆனாலும் இன்று நான் பேசப்போவது அந்தத் தூரத்தைப் பற்றித்தான். ஒரு குழுமத்துக்கு எத்தனை மருத்துவமனை, எத்தனை படுக்கை, எத்தனை ஆயிரம் கோடி வரவு என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு நோயாளி அந்தக் குழுமத்தை விட்டால் வேறு எங்கே போவார்? போட்டிச் சட்டம் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை வெகுகாலம் தப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தன. நாம் இன்னும் சரியாகக் கேட்கத் தொடங்கவில்லை.

ஒரு சாட்சியின் வாக்குமூலத்திலிருந்து தொடங்குகிறேன்.

சிகாகோவின் வடக்குப் புறநகரில் எவன்ஸ்டன் நார்த்வெஸ்டர்ன் ஹெல்த்கேர் என்றொரு குழுமம். அது 2000 ஜனவரியில் பக்கத்திலிருந்த ஹைலண்ட் பார்க் மருத்துவமனையைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்து, நிறுவனங்களின் போட்டி நடத்தையைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த இணைப்பின் மேல் வழக்குப் போட்டது. 2005இல் நடந்த விசாரணையில் கமிஷன் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் கென்னத் எல்சிங்கா என்ற பொருளியல் பேராசிரியர். அவர் பெயரையும் அவருடைய நண்பர் பெயரையும் சேர்த்து 'எல்சிங்கா–ஹோகார்ட்டி சோதனை' என்று ஒன்று உண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டில் மருத்துவமனை இணைப்பு வழக்குகள் பலவற்றில் நீதிபதிகள் அந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அரசுத் தரப்பைத் தோற்கடித்தார்கள். எல்சிங்கா கூண்டில் ஏறிச் சொன்னதன் சாரம்: இந்தச் சோதனை மருத்துவமனைகளுக்குப் பொருந்தாது.

தராசு செய்தவரே வந்து, இந்தக் கடையில் இதை வைத்து நிறுக்காதீர்கள் என்கிறார். நம் துறையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை இது. அதனால் அந்தத் தராசைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1973இல் எல்சிங்காவும் தாமஸ் ஹோகார்ட்டியும் எழுதிய கட்டுரையில் வருகிறது அது. ஒரு சரக்கின் சந்தை எந்த எல்லைவரை பரவியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் விற்பதில் வெளியிலிருந்து வருவது சொற்பமா? உள்ளே விளைவதில் வெளியே போவது சொற்பமா? இரண்டும் சொற்பம் என்றால் அந்த வட்டம் ஒரு சந்தை. இல்லாவிட்டால் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். 1978இல் இருவரும் நிலக்கரியை எடுத்துக்கொண்டு இதையே மறுபடி விளக்கினார்கள். நிலக்கரிக்கு இது சரிதான். இந்தச் சுரங்கத்துக்காரர் விலையை ஏற்றினால் அடுத்த மாதம் அந்தச் சுரங்கத்திலிருந்து வேகன் வரும். கரிக்கு வீடு கிடையாது, பிள்ளைகள் கிடையாது, வாடிக்கையான டாக்டர் கிடையாது.

வழக்கறிஞர்கள் வேகன் இருந்த இடத்தில் நோயாளியை வைத்தார்கள்.

அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டுபியூக் என்று ஓர் ஊர். அங்கே பொது மருத்துவமனைகள் இரண்டே இரண்டு, மெர்சியும் ஃபின்லியும். இரண்டும் ஒன்றாகச் சேர முடிவு செய்தன. இரண்டு கடை உள்ள தெருவில் இரண்டையும் ஒருவரே வாங்கினால் என்ன ஆகும் என்று எந்த மளிகைக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் 1995இல் நீதிமன்றம் அரசின் வழக்கைத் தள்ளிவிட்டது. எழுபது முதல் நூறு மைல் தொலைவிலிருக்கும் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளும் போட்டியாளர்களே என்ற வாதம் அங்கே எடுபட்டது. நம் கணக்கில் திருச்சிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் அது. பிரசவ வலி எடுத்தவளுக்குத் திருச்சியில் விலை கூடினால் மதுரைக்கு வண்டி ஏறிவிடுவாள் என்று சொன்ன மாதிரி.

எதை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வந்தார்கள்? உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினர் ஏற்கனவே வெளியூர் மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான். சிலர் போகிறார்கள் என்றால் விலை ஏறும்போது இன்னும் பலர் போவார்கள் என்பது ஊகம். போகிறவர் ஏன் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவருக்கு உள்ளூரில் இல்லாத இதய அறுவை சிகிச்சை வேண்டும். இன்னொருவருக்கு மகள் வீடு அங்கே இருக்கிறது. அவர்கள் போவதற்கும் விலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வீட்டோடு இருக்கிற மற்றவர்கள் விலை ஏறினாலும் நகர மாட்டார்கள், அவர்களால் முடியாது. 2001இல் காப்ஸ், டிரனோவ், கிரீன்ஸ்டீன், சாட்டர்த்வைட் என்ற நான்கு பொருளியலர்கள் இந்தக் குளறுபடிக்கு 'மௌனப் பெரும்பான்மைப் பிழை' என்று பெயர் வைத்தார்கள். பயணம் போகிற சிலரின் காலடியை அளந்து, போக முடியாத பலருக்கு வேலி போட்டது அந்தக் கணக்கு.

இன்னொரு வாதமும் அந்தக் காலத்தில் செல்லுபடியானது. மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பட்டர்வொர்த், பிளாட்ஜெட் என்ற இரண்டு மருத்துவமனைகள் இணைய வந்தபோது, சந்தையில் அவற்றின் பிடி பெரிது என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். இருந்தும் 1996இல் இணைப்பைத் தடுக்கவில்லை. இவை லாபநோக்கம் இல்லாத நிறுவனங்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். தங்கள் ஊர்க்காரர்களின் செலவைத் தாங்களே ஏற்ற மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும்: பெயர்ப்பலகையில் தருமம் இருப்பதால் பில்லில் ஒரு பூஜ்யம் குறைந்துவிடுவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது அதைத்தான்.

எவன்ஸ்டன் வழக்குக்கு வருவோம். 2007இல் கமிஷன், அந்த இணைப்பு சட்டத்துக்குப் புறம்பானது, விலையை ஏற்றியது என்று தீர்மானித்தது. ஆனால் ஏழு வருடம் ஓடிவிட்டதே. கலந்த பாலையும் தண்ணீரையும் பிரிக்க முடியாது என்று, பிரிக்கும் உத்தரவு போடாமல், காப்பீட்டு நிறுவனங்களோடு பேரம் பேச இரண்டு தனித்தனிக் குழுக்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கும் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசக்கூடாது என்கிற மாதிரியான தீர்வு. எனக்கு அதில் மதிப்பில்லை. எல்சிங்காவின் வாக்குமூலம்தான் அந்த வழக்கின் நிலைத்த பலன். அதற்குப் பிறகு கமிஷன் வெல்லத் தொடங்கியது. ஒஹையோ மாநிலம் டொலீடோவில் புரோமெடிக்கா என்ற குழுமம் 2010இல் வாங்கிய செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையைத் திருப்பிவிட வேண்டும் என்ற உத்தரவை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

இனி வட கலிஃபோர்னியா. என் பேச்சின் நடுப்பகுதி இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு விளக்கம். நம்மைப் போல அமெரிக்கர் மருத்துவமனைக் கவுன்ட்டரில் முழு விலையைக் கேட்டுப் பணம் கட்டுவது குறைவு. வேலை கொடுக்கும் நிறுவனம் காப்பீடு எடுக்கிறது. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைகளோடு பேரம் பேசி, ஒப்பந்தத்துக்கு வந்தவற்றைத் தன் நெட்வொர்க்கில் சேர்க்கிறது. ஆகவே விலை தீர்மானமாவது அந்தப் பேர மேசையில். மேசையில் காப்பீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே ஆயுதம், 'நீ அதிகம் கேட்டால் உன்னை விட்டுவிட்டு உன் எதிர்வீட்டுக்காரனைச் சேர்த்துக்கொள்வேன்' என்பது. எதிர்வீடும் அவனுடையதாகிவிட்டால் ஆயுதம் போயிற்று.

ஓக்லாந்தும் பெர்க்லியும் ஒட்டிய நகரங்கள். பெர்க்லியில் ஆல்ட்டா பேட்ஸ், ஓக்லாந்தில் சம்மிட் என்ற மருத்துவமனைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆல்ட்டா பேட்ஸ் சட்டர் ஹெல்த் குழுமத்தைச் சேர்ந்தது. 1999இல் சம்மிட்டையும் சட்டர் சேர்த்துக்கொள்ள வந்தபோது கலிஃபோர்னியா அரசு தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். விரிகுடாவுக்கும் குன்றுகளுக்கும் இடைப்பட்ட பகுதியே சந்தை என்றார். அதே நிலக்கரித் தராசு வந்தது. சந்தை அதைவிடப் பெரிது என்று சொல்லி நீதிமன்றம் தடை தர மறுத்தது. சம்மிட் நொடித்துப்போகும் நிலையில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டாவது காரணத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன், மூடிய மருத்துவமனையால் யாருக்கும் பயனில்லை. ஆனால் பின்னால் என்ன நடந்தது? ஃபெடரல் டிரேட் கமிஷனின் பொருளியலர் ஸ்டீவன் டென் பழைய காப்பீட்டுக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, 2011இல் வெளியிட்டார். ஒப்பிடத்தக்க மற்ற மருத்துவமனைகளைவிடச் சம்மிட்டின் விலை 28 முதல் 44 விழுக்காடு வரை கூடுதலாக ஏறியிருந்தது.

சட்டர் அதோடு நிற்கவில்லை. வட கலிஃபோர்னியாவில் அதன் மருத்துவமனைகள் இருபதுக்கு மேலாயின. அவற்றில் சில, அந்தந்த வட்டாரத்துக்கு ஒரே மருத்துவமனை. ஒரேகான் எல்லையை ஒட்டிய கிரசென்ட் சிட்டியில் இருப்பது அப்படிப்பட்டது. அமடோர் வட்டாரத்தில் இருப்பதும் அப்படித்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்று மாநிலம் முழுக்க ஆட்கள் வைத்திருக்கும் முதலாளிக்குக் காப்பீடு விற்க வேண்டுமானால் கிரசென்ட் சிட்டி மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். இங்கேதான் சட்டரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி வருகிறது: எங்கள் மருத்துவமனைகளில் ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அல்லது எதுவுமில்லை. நல்ல வெண்டைக்காய் கேட்டால் சொத்தைக் கத்தரிக்காயையும் எடுத்தால்தான் தருவேன் என்கிற வியாபாரம், ஆனால் மேசைக்கு எதிரில் இருந்தவர்கள் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள், அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். மலிவான மருத்துவமனைக்குப் போகிறவருக்குச் சலுகை தந்து நோயாளிகளை அங்கே திருப்பக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. விலையை வெளியே சொல்லக்கூடாது என்பதும் இருந்தது.

அதாவது, போட்டியாளரே இல்லாத ஊரில் கிடைத்த பிடியை, போட்டியாளர்கள் நிறைய இருக்கும் சேக்ரமென்டோவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் கொண்டுபோனார்கள் என்பது குற்றச்சாட்டு. சட்டருக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. குழுமம் முழுவதையும் சேர்த்தால்தான் நோயாளிக்கு ஒருங்கிணைந்த சிகிச்சை கிடைக்கும், அவசரத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே மாட்டி எதிர்பாராத பில் வாங்க மாட்டார் என்றது. முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பெரிய குழுமத்தில் நல்ல ஐ.சி.யூ. இருக்கும், ஒரு பிரிவின் வருமானம் இன்னொரு பிரிவைத் தாங்கும், அரிதான நோய்க்கு நிபுணர் கிடைப்பார். ஆனால் அந்த நன்மைகளுக்கும் ஒப்பந்தத்தில் இருந்த வாய்ப்பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது விளங்கவில்லை.

2018இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெட்ரிஸ் மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்நோயாளிச் சிகிச்சைகளின் சராசரி விலை தென் கலிஃபோர்னியாவில் 1,31,586 டாலர், வட கலிஃபோர்னியாவில் 2,23,278 டாலர். ஒரே மாநிலம், ஒரே சட்டம். வடக்கில் 70 விழுக்காடு கூடுதல். வடக்கில் மருத்துவமனைகள் சில கைகளில் அடங்கிவிட்டதை அறிக்கை சுட்டிக்காட்டியது.

சட்டரின் இந்த ஒப்பந்தங்களை எதிர்த்து முதலில் வழக்குப் போட்டது யார் தெரியுமா? அரசு இல்லை. பெரிய காப்பீட்டு நிறுவனமும் இல்லை. சூப்பர் மார்க்கெட் ஊழியர்களின் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் ஒரு நலநிதி. பில் போடுகிறவர்கள், அலமாரியில் சரக்கு அடுக்குகிறவர்கள் ஆகியோரின் மருத்துவச் செலவைத் தாங்கும் நிதி அது. 2014இல் அவர்கள் போட்ட வழக்கோடு, 2018இல் மாநில அரசு தலைமை வழக்கறிஞர் சேவியர் பெசேராவும் தனி வழக்கோடு வந்து சேர்ந்தார். இடையில் சட்டரின் பழைய ஆவணங்கள் 192 பெட்டி அழிக்கப்பட்டது நீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 2019 அக்டோபரில், விசாரணை தொடங்கும் தறுவாயில் சமரசம். 57.5 கோடி டாலர். எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற நிபந்தனையைக் கைவிட வேண்டும், பத்தாண்டுக் கண்காணிப்பு. 2021இல் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சட்டர் கையெழுத்திட்டது.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் கூட்டாகப் போட்ட வேறொரு வழக்கில் 2022இல் ஜூரி சட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2006க்கு முந்தைய ஆதாரங்களை, அதாவது அந்த நிபந்தனைகள் ஏன் கொண்டுவரப்பட்டன என்பதைக் காட்டும் தாள்களை, கீழ் நீதிமன்றம் ஜூரியைப் பார்க்க விடவில்லை என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2025இல் 22.85 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 1999இல் வட்டத்தைச் சரியாகப் போட்டிருந்தால் இந்த நீண்ட வரலாற்றில் பாதி நடந்திருக்காது என்பது என் துணிபு.

சரி, இந்தியா. இங்கே கேள்வியின் உருவம் மாறுகிறது. 2021–22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டது. பேர மேசை பல நேரம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. ஆகவே இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்த முக்கிய வழக்கு இணைப்பைப் பற்றியதாக இருக்கவில்லை. ஒரு சிரிஞ்சைப் பற்றியதாக இருந்தது. டெல்லியில் ஒரு பெரிய குழுமத்தின் மருத்துவமனைக் கடையில் 19 ரூபாய் 50 காசுக்கு வாங்கிய அதே நிறுவனத்துச் சிரிஞ்சு வெளிக்கடையில் 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று ஒருவர் 2015இல் முறையிட்டார். 2018 ஆகஸ்டில் ஆணையம் விசாரணையை மற்ற பெரிய மருத்துவமனைகளுக்கும் விரித்தது. அப்போது அது வரைந்த எல்லையைக் கவனியுங்கள். அட்மிட் ஆகிவிட்ட நோயாளி பூட்டப்பட்டவர். அவருக்கு மருந்து, ஊசி, பரிசோதனை எல்லாவற்றுக்கும் அந்த மருத்துவமனையே சந்தை. ஊரில் நூறு கடை இருக்கட்டும், ஐ.வி. குழாய் ஏறிய கை அவற்றை எட்டாது.

டுபியூக்கில் நூறு மைலுக்கு விரிந்த வட்டம் இங்கே ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறது. எனக்குப் பிடித்த எல்லை இது. அதே 2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது சில பொருள்களில் லாப விகிதம் 1,737 விழுக்காடு வரை போயிருந்தது. மருத்துவமனைக் கடையிலேயே வாங்கச் சொல்லும் வழக்கம் பற்றிய மனு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, கொள்கை வகுப்பது மாநிலங்களின் வேலை என்று சொல்லி விட்டுவிட்டது. பந்து இப்போது கோட்டைப் பக்கம் இருக்கிறது.

என் அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்த இரவு நினைவுக்கு வருகிறது. முப்பது வருடம் மாணவர்களுக்கு விலைக் கோட்பாடு நடத்தியவன் நான். ஆம்புலன்ஸ் டிரைவர் "எங்கே சார் போகணும்?" என்றார். "கிட்டத்துல எது?" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த தேர்வு. மறுநாள் காலையில் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று கேட்டபோது, இங்கே எடுத்த எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அங்கே செல்லாது, எல்லாம் புதிதாக எடுப்பார்கள் என்றார்கள். அத்தை, "விடுடா, இங்கேயே கிடக்கேன்" என்றாள். போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் வெளியிட்ட கொள்கைக் குறிப்பில், பரிசோதனை அறிக்கைகள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டிலைச் சுற்றிய எல்லையைக் கண்டுகொண்ட நாம் ஊரைச் சுற்றிய எல்லையைக் கோட்டை விடுகிறோம். முதலீட்டு நிறுவனங்கள் இப்போது மருத்துவமனைகளை வாங்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். 2023இல் மணிப்பால் குழுமத்தின் பெரும்பங்கைச் சிங்கப்பூரின் டெமாசெக் வாங்கியது. அதே ஆண்டு பிளாக்ஸ்டோன் கேர், கிம்ஸ்ஹெல்த் குழுமங்களுக்குள் நுழைந்தது. 2024இல் கோழிக்கோட்டின் பேபி மெமோரியலைக் கே.கே.ஆர். வாங்கியது. இத்தகைய பெரிய பேரங்கள் ஆணையத்தின் பார்வைக்கு வருபவை. வராதவை எவை? வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடிக்கு மேற்படாவிட்டால், அல்லது விற்றுமுதல் 1,250 கோடிக்கு மேற்படாவிட்டால், பேரத்தின் மதிப்பு 2,000 கோடியைத் தாண்டாத வரை, முன் அனுமதி தேவையில்லை. 2024இல் வந்த வரம்புகள் இவை. சிமென்ட் ஆலைக்கு இது சின்னத் தொகையாக இருக்கலாம். மாவட்டத் தலைநகரில் நூற்றைம்பது படுக்கை வைத்திருக்கும் டாக்டர் குடும்பத்து மருத்துவமனை எந்தக் காலத்தில் 450 கோடியைத் தொடும்? ஒரு குழுமம் ஓர் ஊரின் மூன்று மருத்துவமனைகளையும் ஒவ்வொன்றாக வாங்கினாலும் டெல்லிக்கு ஒரு காகிதம் போக வேண்டியதில்லை. ரூபாயில் பார்த்தால் அது சின்ன பேரம். அந்த ஊர்க்காரருக்கு அதுதான் முழுச் சந்தை.

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல காலம், மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனை உயிரோடு இருக்கிறது. தனியாருக்கு நம் ஊரில் மெய்யான எதிர்வீடு அதுதான். அங்கே எம்.ஆர்.ஐ. பழுதாகி நின்றால் எதிரிலிருக்கும் தனியாரின் விலை ஏறும் என்பதைப் போட்டிச் சட்டப் பாடநூல் சொல்லாது. அரசு மருத்துவமனைக்கு ஒதுக்கும் நிதியைப் போட்டிக் கொள்கையின் செலவாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மருத்துவமனைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு நடப்பது உங்கள் மாவட்டத்து மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கை, பத்து வருடத்துக்கு முன் யார் நடத்தினார்கள், இன்று யார் நடத்துகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஊர் வரைபடத்தை வைத்து, இரவு பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் அரை மணியில் எட்டும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்த வரைபடத்தோடு வருகிறவருக்குக் கொடுக்கும்படி துறைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.